ரசீது என் வேதாகமத்துக்குள் இருக்கிறது

சபைப் போதகராகிய கனம் ஐயரவர்களுக்கும், சபை நிர்வாகம் பார்க்கிற சேகரக் கமிட்டியாருக்கும், நான் ஞானஸ்நானம் பெற்று வளர்ந்த சபையின் பெரியோர் சிறியோர் எல்லாருக்கும் தோத்திரம்.

உறையில் போட்டுக் கையில் கொடுக்க வேண்டியதை ஊரறிய எழுதுகிறாளே என்று நினைப்பீர்கள். உறையில் போட்டும் கொடுத்தேன். அதற்கு முன்பு தனியாக வந்து பேசினேன். பிறகு சபையின் மூத்த அம்மாமார் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து பேசினேன். மத்தேயு 18-ஆம் அதிகாரம் சொல்கிற வரிசையும் இதுதான். முதலில் "நீயும் அவனும் தனித்திருக்கையில்", அப்புறம் ஒன்றிரண்டு சாட்சிகள், அதற்கும் செவிகொடாவிட்டால் "அதைச் சபைக்குத் தெரியப்படுத்து". இந்த மூன்றாம் படிக்கு வர எனக்கு ஒன்பது மாதம் ஆயிற்று.

நடந்தது பலருக்குத் தெரியும். தெரிந்தது பாதி, கேள்விப்பட்டது பாதி என்பதால் ஒருதரம் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வருஷம் இந்தச் சபையில் ஞாயிறு பள்ளி நடத்தினேன். பொதுக்கூட்டத்தில் வருஷக் கணக்கு வாசித்தபோது, பிள்ளைகளின் உண்டியல் காணிக்கை 2,850 ரூபாய் என்று வாசிக்கப்பட்டது. நான் கட்டியது 4,310, அதற்கு ரசீது என்னிடம் இருக்கிறது. எழுந்து, "வித்தியாசம் வருகிறதே, ஒருதரம் சரிபார்த்துச் சொல்லுங்கள்" என்றேன். குற்றம் சாட்டவில்லை. பதிவேட்டில் தவறாக ஏறியிருக்கும் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கவே விரும்புகிறேன்.

அதற்கு மூன்றாம் ஞாயிறு, ஆராதனை முடிவில் அறிவிப்புகளோடு அறிவிப்பாக, ஞாயிறு பள்ளிப் பொறுப்பு வேறொருவருக்குக் கொடுக்கப்படுகிறது என்று வாசித்தீர்கள். அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, அரிசி கொடுக்கிறவர்கள் பெயர் கொடுக்கவும் என்ற அறிவிப்புக்கும், காணாமற்போன குடையைப் பற்றிய அறிவிப்புக்கும் நடுவில் அது வந்தது. மறுநாள் ஆலய வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை அண்ணன் பீரோ சாவி வாங்க வீட்டுக்கு வந்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. அந்தப் பீரோவில் பதினெட்டு வருஷத்துப் பச்சை அட்டை ரிஜிஸ்தர்கள், பாதி தேய்ந்த கிரையான்ஸ், ஃபிளானல் போர்டில் ஒட்டுகிற படங்கள் எல்லாம் இருக்கின்றன. தொண்ணூற்றொன்பது ஆட்டை விட்டு ஒன்றைத் தேடிப்போகிற மேய்ப்பன் படத்தில், தோளில் இருக்கிற ஆட்டுக்குக் கால் பிய்ந்துவிட்டது. தைக்கலாம் என்று வைத்திருந்தேன். புதிதாக வந்த தம்பி அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம், ஊசி நூல் போதும்.

சாவி போனதுகூட எனக்குப் பெரிதில்லை. ஒரு வாரத்துக்குள், "பிள்ளைகள் உண்டியலை அவள்தானே வைத்திருந்தாள்" என்ற பேச்சு பால் வாங்குகிற இடம்வரைக்கும் வந்ததே, அதுதான் என்னை அறுத்தது. அந்தப் பேச்சு வெளியாரிடமிருந்து வரவில்லை. 55-ஆம் சங்கீதத்தை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன், அந்த வாரம்தான் அது எனக்குப் புரிந்தது. "என்னை நிந்தித்தவன் சத்துரு அல்ல, அப்படியிருந்தால் சகிப்பேன்" என்கிறார் சங்கீதக்காரர். தன்னை நிந்தித்தவனோடு சேர்ந்து எங்கே போனார் தெரியுமா? "கூட்டத்தோடே தேவாலயத்துக்குப் போனோம்" என்று எழுதியிருக்கிறது. ஒரே பாமாலைப் புத்தகத்தை இரண்டு பேர் பிடித்துப் பாடியவர்களுக்குத்தான் அந்த வரியின் எரிச்சல் தெரியும்.

அடுத்த ஞாயிறு பிரசங்கம் மன்னிப்பைப் பற்றியது. "ஏழெழுபதுதரம்" மன்னிக்க வேண்டும் என்ற வசனத்தை ஐயரவர்கள் எடுத்துப் பேசினபோது சில தலைகள் என் பக்கம் திரும்பின. ஐயா, உங்கள் ஊழியத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு, மரியாதையோடுதான் கேட்கிறேன். அன்று நீங்கள் எடுத்ததும் மத்தேயு 18-தான். ஆனால் 21-ஆம் வசனத்திலிருந்து தொடங்கினீர்கள். ஆறு வசனம் முன்னால், 15-இலிருந்து தொடங்கியிருந்தால் என்ன? குற்றம் செய்தவனிடம் போய் அதை உணர்த்த வேண்டும், கேளாவிட்டால் சபை அதை விசாரிக்க வேண்டும் என்று ஆண்டவர் சொல்லி முடித்த பிறகுதான் பேதுரு வந்து எத்தனைதரம் மன்னிக்க வேண்டும் என்று கேட்கிறார். விசாரிக்க வேண்டிய பாதியைச் சபை விட்டுவிட்டு, மன்னிக்க வேண்டிய பாதியை மட்டும் அடிபட்டவள் தலையில் ஏற்றினால், தண்ணீர்க் குடத்தை ஒருபக்கத் தோளில் மட்டும் சுமத்துவது போலத்தான்.

இதைச் சொல்வதால் மன்னிக்க மனமில்லாதவள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மன்னிப்பு எனக்கு எவ்வளவு கஷ்டமாக வந்தது என்று சொல்கிறேன்.

இந்த மடலின் முதல் பிரதியில் நான்கு பேருடைய பெயர் இருந்தது. இரண்டாம் பக்கத்தில், அவர்களில் ஒருவருடைய குடும்பத்தைப் பற்றி, கணக்குக்கும் உண்டியலுக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு விஷயம் இருந்தது. உண்மையான விஷயம்தான். எழுதினபோது இரவு பதினொன்றரை மணி, கை நடுங்கவில்லை, நெஞ்சு குளிர்ந்தது என்றே சொல்ல வேண்டும். காலையில் வாசித்தேன். என்னைப் பற்றிப் பால் வாங்குகிற இடத்தில் பேசினவர்கள் செய்த அதே வேலையை நல்ல தமிழில், வசன ஆதாரத்தோடு நானும் செய்திருந்தேன். அடுப்பில் போட்டுவிட்டேன்.

வேறு வழிகளும் வந்தன. போன சேகரத் தேர்தலில் தோற்ற அணியினர் வீட்டுக்கு வந்து, "அடுத்த தேர்தலில் எங்கள் பக்கம் நில்லுங்கள், இந்த ரசீது ஒன்று போதும்" என்றார்கள். உறவில் ஒரு வக்கீல், நோட்டீஸ் அனுப்பலாம் என்றான். எங்கள் வீட்டுக்காரர், இந்தச் சங்காத்தமே வேண்டாம், பக்கத்து ஊர் ஜெபவீட்டுக்குப் போகலாம் என்றார். கோர்ட்டுக்குப் போகிறவர்களையும் சபை மாறுகிறவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். சிலருக்கு வேறு வழி விடப்படுவதில்லை. ஆனால் நான் அணி சேர்ந்த நிமிஷமே, ஐந்து ரூபாயும் பத்து ரூபாயுமாகப் பிள்ளைகள் போட்ட காணிக்கை தேர்தல் சரக்காகிவிடும். அதற்கு மனம் ஒப்பவில்லை.

"நீங்கள் பழிவாங்காமல், கோபாக்கினைக்கு இடங்கொடுங்கள்" என்று ரோமர் 12-இல் பவுல் எழுதுகிறார். சின்ன வயதில் இதைக் கேட்டபோது, நம் சார்பில் கடவுள் போய் அடித்துவிட்டு வருவார் என்று நினைத்துக்கொள்வேன். இப்போது எனக்கு அது வேறுமாதிரித் தெரிகிறது. தீர்ப்பு சொல்லுகிற நாற்காலியில் நான் உட்கார்ந்துவிடாமல் இடம் விடச் சொல்கிறார். எழுந்து இடம் விடுவது ஒரு நாள் வேலையாக இல்லை. காலையில் எழுந்து விட்டேன் என்றால் மாலையில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

யோசேப்பின் கதையைப் பிள்ளைகளுக்குப் பதினெட்டு தடவை சொல்லிக்கொடுத்தவள் நான். பலவருண அங்கி, குழி, இஸ்மவேலர், கடைசியில் எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று நாற்பது நிமிஷத்தில் முடித்துவிடுவேன். இந்த ஒன்பது மாதத்தில் வயதுகளைக் கூட்டிப் பார்த்தேன். அண்ணன்மார் கையால் யோசேப்பு விற்கப்பட்டபோது 17 வயது, பார்வோனுக்கு முன்பாக நின்றபோது 30. ஏழு வருஷம் விளைச்சல், இரண்டு வருஷம் பஞ்சம் கழித்துத்தான் "நான் யோசேப்பு" என்று சகோதரரிடம் சொல்லுகிறார். அப்போது அவருக்கு 39 வயது இருக்கும். இருபத்திரண்டு வருஷம்! நடுவில் பிறந்த மூத்த மகனுக்கு, தகப்பன் வீட்டைத் தேவன் மறக்கப்பண்ணினார் என்று மனாசே என்று பெயர் வைக்கிறார். மறந்துவிட்டேன் என்று மகனுக்குப் பெயர் வைத்தவர் அந்தப் பெயரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போதெல்லாம் சொல்லியிருப்பாரே, எங்கே மறந்திருப்பார்?

அண்ணன்மாரைக் கண்டதும் அவர் மன்னித்துவிடவும் இல்லை. மாறியிருக்கிறார்களா என்று சோதித்தார். நடுநடுவே அறைக்குள் போய் அழுது, முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தார். தம்பி பென்யமீனுக்காக அண்ணன் யூதா தன்னை அடிமையாக ஒப்புக்கொடுத்த பிறகுதான் அவருக்கு மனம் உடைந்தது. அதற்கப்புறம் தகப்பன் யாக்கோபு எகிப்தில் 17 வருஷம் வாழ்ந்து மரிக்கிறார். அடக்கம் பண்ணிவிட்டுத் திரும்பினதும் அண்ணன்மார், "இனி இவன் நம்மைப் பழிவாங்குவான்" என்று பயப்படுகிறார்கள். பதினேழு வருஷம் அவர் கையால் சாப்பிட்டும் பயம் போகவில்லை! அதைக் கேட்டு யோசேப்பு அழுதார் என்று எழுதியிருக்கிறது. கமிட்டியாரே, தவறு செய்தவர்கள் வாய்திறந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்தப் பயம் அவர்களை விடாது என்றே நான் இதை வாசிக்கிறேன். நான் கேட்பது எனக்காக மட்டும் இல்லை.

1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெய்ன்ஸும் அவருடைய பிள்ளைகள் பிலிப்பும் திமோத்தேயுவும் எரிக்கப்பட்டார்கள். மூத்தவனுக்கு 10 வயது, இளையவனுக்கு 6. அவர் மனைவி கிளாடிஸ் அம்மா, கொன்றவர்களை மன்னித்துவிட்டேன் என்றார். அவர்கள் ஊழியம் செய்த பாரிபதாவிலேயே தங்கித் தொழுநோயாளிகளுக்கு வேலை செய்தார். இதை ஒவ்வொரு ஜனவரியிலும் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அவர் மன்னித்ததால் வழக்கு நின்றுவிடவில்லை. 2003-இல் விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்து, 2011-இல் உச்ச நீதிமன்றம்வரை அது போயிற்று. தன் மன்னிப்பையும் சட்டத்தின் வேலையையும் அவர் ஒன்றாகப் போட்டுக் குழப்பவில்லை. அவர் சுமந்ததற்குப் பக்கத்தில் என் துக்கத்தை வைக்க எனக்குத் தகுதி கிடையாது. மன்னித்தவள் உண்மையைக் கேட்கக்கூடாது என்று என்னிடம் சொன்னவர்களுக்காக மட்டும் அவரை நினைவுபடுத்துகிறேன்.

ஆண்டவராகிய இயேசுவே அப்படிக் கேட்டார். மறுகன்னத்தைக் காட்டச் சொன்னவர், பிரதான ஆசாரியனுடைய சேவகன் அறைந்தபோது திருப்பி அடிக்கவில்லை, சும்மாவும் இருக்கவில்லை. "நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி; நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்றார். பிலிப்பி பட்டணத்தில் பவுலையும் சீலாவையும் ஊரறிய அடித்துச் சிறையில் போட்ட அதிகாரிகள், மறுநாள் ரகசியமாக அனுப்பிவிடப் பார்த்தார்கள். பவுல் ஒத்துக்கொள்ளவில்லை. "அவர்களே வந்து, எங்களை வெளியே அழைத்து விடட்டும்" என்றார். முந்தின இரவுதான் சிறைக்காரனுடைய உயிரைக் காப்பாற்றி, அவன் வீட்டில் சாப்பிட்டிருந்தார். அந்த மனசும் இந்தப் பிடிவாதமும் ஒரே ஆளிடத்தில் இருந்தன. எனக்கும் அதுதான் வேண்டும் என்று ஜெபிக்கிறேன்.

இடையில் ஒரு துக்க வீடு வந்தது. கமிட்டியில் ஒருவருடைய அம்மா காலமானார்கள். தெருமுனையில் கால்மணி நேரம் நின்றேன். போகாவிட்டால் ஊர் ஒன்றும் சொல்லியிருக்காது. பாட்டுச் சத்தம் கேட்டது, பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ இல்லாமல் மொட்டையாகக் கேட்டது. உள்ளே போய்ப் பெண்கள் பக்கம் உட்கார்ந்து பாடினேன். ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தை அவர் தோள் துண்டால் துடைத்துத் துடைத்து அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் எனக்கு ரசீது ஞாபகம் வரவில்லை. இரவு வீட்டுக்கு வந்த பிறகு வந்தது.

இப்போது கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். ஞாயிறு பள்ளிப் பொறுப்பைத் திரும்பக் கேட்கவில்லை. புதிய தம்பி நன்றாக நடத்துகிறான், பிள்ளைகள் அவனோடு சந்தோஷமாக இருக்கிறார்கள். யாரும் என் காலில் விழ வேண்டாம், யாரையும் நீக்க வேண்டாம். பதிவேட்டையும் ரசீது அடிக்கட்டையையும் எடுத்து, சபையின் மூத்தவர்கள் இரண்டு பேர் முன்னால் சரிபாருங்கள். என்மேல் தவறு இருந்தால் அதையும் சபையில் வாசியுங்கள், நான் எழுந்து நின்று கேட்டுக்கொள்கிறேன். இல்லையென்றால், "பிள்ளைகளின் காணிக்கை 4,310 ரூபாயும் டீச்சர் கட்டிவிட்டார்கள்" என்ற ஒரே வாக்கியத்தை, என் பொறுப்பை எடுத்த அதே அறிவிப்பு நேரத்தில் வாசியுங்கள்.

1947 செப்டம்பர் 27-ஆம் தேதி, சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று வெவ்வேறாக இருந்தவர்கள் ஒன்றாகித்தான் நம்முடைய சி.எஸ்.ஐ., தென்னிந்தியத் திருச்சபை, உண்டானது. அந்தத் திருச்சபையின் நற்கருணை ஆராதனையில், ஒருவர் இரண்டு கைகளுக்குள் மற்றவர் கையை வைத்துச் சமாதானம் கொடுக்கிற வழக்கம் உண்டு. பீடத்திலிருந்து புறப்பட்டு பெஞ்சு பெஞ்சாக அது வரும். போன மாதம் அது எங்கள் பெஞ்சுக்கு வந்தபோது, என் பக்கத்தில் இருந்தவர்கள் வாங்கிக்கொண்டு, என்னைத் தாண்டி அந்தப் பக்கத்துச் சின்னப் பெண்ணுக்குக் கொடுத்தார்கள். என் கை நீட்டினபடியே இருந்தது. அந்தச் சின்னப் பெண் எங்கள் ஞாயிறு பள்ளிப் பிள்ளை. அவள் திரும்பி எனக்குக் கொடுத்தாள்.

வருகிற முதல் ஞாயிறு நற்கருணை ஆராதனைக்கு வருவேன், பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில், எப்போதும் உட்காருகிற இடத்திலேயே உட்காருவேன். ரசீது என் வேதாகமத்துக்குள் இருக்கும். பார்க்க வேண்டும் என்கிறவர்கள் ஆராதனை முடிந்து வந்து கேளுங்கள், காட்டுகிறேன். சமாதானம் வரும்போது கையை நீட்டுவேன்.

கிறிஸ்துவின் அன்பில்,
ஞாயிறு பள்ளி டீச்சராக இருந்தவள்