வேலையை விடாமல் தேர்வுக்குப் படிக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டில் வருமானம் முடங்கிய நேரத்திலும், டிஎன்பிஎஸ்சி (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும், துணை ஆட்சியர் போன்ற உயர் பதவிகளுக்கான குரூப் 1 தேர்வுக் கனவோடு சென்னையில் அறை எடுத்து, பயிற்சி மையத்துக்கு மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டிவிடும் பட்டதாரிகளைப் பார்த்தால் மனம் பதறுகிறது. கைப்பணம் தீர்ந்ததும், தேர்வுக்கு முன்பே ஊர் திரும்பிவிடுகிறார்கள்.

கனவை விட வேண்டாம். முதலில் இளநிலை உதவியாளர் போன்ற பணிகளுக்கான குரூப் 4 தேர்வை எழுதுங்கள். ஒரே எழுத்துத் தேர்வு, நேர்முகம் கிடையாது. 200 கேள்விகள், 300 மதிப்பெண். அதில் பாதி தமிழ். தமிழில் 150க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். பொது அறிவிலேயே மூழ்கிக் கிடப்பவர்கள் சறுக்குவது இங்கேதான். 6 முதல் 10ஆம் வகுப்பு வரையிலான தமிழ்ப் பாடநூல்களில், பாடத்தின் கடைசியில் வரும் இலக்கணப் பயிற்சிகளை ஒன்று விடாமல் எழுதிப் பாருங்கள்.

வேலைக்குப் போய்க்கொண்டே படியுங்கள். அதற்குச் சம்பளம் சற்றுக் குறைந்தாலும் நேரம் மாறாத வேலையே நல்லது. வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறினால் தூக்கம் கெடும், படித்தது தங்காது. ஞாயிறு காலை 9.30 முதல் 12.30 வரை ஓஎம்ஆர் தாளில் (வட்டங்களை நிரப்பி விடை குறிக்கும் தாள்) மாதிரித் தேர்வு எழுதுங்கள்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் பயிற்சி இலவசம். வகுப்பு பகலில் மட்டும் நடக்கும் ஊர்களில், வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலை 6 மணிக்கு மேலும் நடத்த அரசு ஆவன செய்ய வேண்டும்.