அங்கே உழைத்த வருஷங்களையும் கணக்கில் சேருங்கள்

மத்திய வெளியுறவு, வணிக, தொழிலாளர் நலத் துறை அமைச்சர்களுக்கும், பிரிட்டனோடு பேச்சு நடத்தும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. பொள்ளாச்சி பஸ் வந்து போகும், வீட்டில் தமிழ் பேசும் ஊர். எட்டு வருஷம் பிரிட்டனில் செவிலியராக இருந்துவிட்டு, அம்மா படுக்கையில் விழுந்ததால் 2018-ல் திரும்பி வந்தேன்.

போன வாரம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி ஒரு மஞ்சப்பையோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். 2022-ல் போனவள். நான்கு வருஷம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. விசா நீட்டிப்பு கிடைக்காமல் இந்த மே மாதம் வந்துவிட்டாள். பைக்குள் நாற்பத்தெட்டு சம்பளச் சீட்டுகள், வருஷவாரியாகப் பின் அடித்து வைத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் ‘தேசியக் காப்பீடு’ என்ற வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டிருந்தாள். அங்கே அரசு ஓய்வூதியத்துக்காகச் சம்பளத்தில் பிடிக்கும் பங்களிப்பு அது. “அக்கா, நீங்க இங்கிருந்தே பணம் கட்டிப் பத்து வருஷம் ஆக்கினீங்கல்ல, அதே மாதிரி நானும் கட்டலாமா?” என்று கேட்டாள்.

முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

விதி உங்களுக்குத் தெரிந்ததுதான். பிரிட்டன் அரசு ஓய்வூதியத்தில் ஒரு பைசாவாவது கிடைக்கப் பத்து வருஷப் பங்களிப்பு வேண்டும், முழுத்தொகைக்கு முப்பத்தைந்து. குறைகிற வருஷங்களை, நாட்டை விட்டு வந்த பிறகும், நாமாகவே பணம் கட்டி நிரப்பலாம். மூன்று வருஷம் அங்கே இருந்திருந்தாலோ, மூன்று வருஷம் பங்களிப்பு கட்டியிருந்தாலோ போதும் என்று இருந்தது. 2026 ஏப்ரல் 6 முதல் அந்த மூன்றைப் பத்தாக்கிவிட்டார்கள். வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் குறைந்த விகிதத்தில் கட்டிக்கொண்டிருந்த ‘இரண்டாம் வகுப்பு’ப் பங்களிப்பையும் அன்றோடு மூடிவிட்டார்கள். 2025-26-ல் அது வாரத்துக்கு 3.50 பவுண்டு. இனி இருப்பது ‘மூன்றாம் வகுப்பு’ப் பங்களிப்பு மட்டும். அதே வருஷத்தில் அது 17.75 பவுண்டு. ஐந்து மடங்கு.

பணம் கூடியதைக்கூட எப்படியாவது சமாளித்துவிடலாம். ஆனால் பத்து வருஷத்தை எட்ட முடியாதவருக்குத்தான் இந்தக் கட்டணமே உயிர். அவரைப் பார்த்து, பத்து வருஷம் இருந்தால்தான் கட்ட விடுவேன் என்றால் அவர் எங்கே போவார்? நான்கு வருஷம் அந்தப் பெண்ணின் சம்பளத்தில் பிடித்த பணம் திரும்பி வராது. ஓய்வூதியமாகவும் வராது. கடைசி இரண்டு வருஷம் வரம்புக்கு மேலுள்ள சம்பளத்தில் நூற்றுக்கு எட்டு பவுண்டு. அதற்கு முன்னால் அதைவிட அதிகம். அங்குள்ள வயசானவர்களைத் தூக்கி, குளிப்பாட்டி, ராத்திரி கண் விழித்துச் சம்பாதித்த பணம் அது.

நான் கட்டிய கதையையும் சொல்கிறேன். வழி திறந்திருந்தபோதும் அது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. எனக்குக் குறைந்தது இரண்டு வருஷம். அப்போது வாரத்துக்குச் சுமார் மூன்று பவுண்டுதான். அந்தச் சின்னத் தொகையை அனுப்ப உள்ளூர் வங்கிக் கிளைக்கு நான்கு நாள் நடந்தேன். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப நிரப்பும் ஏ-2 படிவத்தில் என்ன காரணம் என்று எழுதுவது என்பது அங்கே யாருக்கும் தெரியவில்லை. “பென்ஷன் வாங்க வருவாங்க சேச்சி, பென்ஷனுக்குப் பணம் அனுப்பணும்னு யாரும் வந்ததில்லையே” என்றார் அங்கிருந்த தம்பி. அவர் மேல் தப்பில்லை. கடைசியில் பாலக்காட்டில் ஒரு பெரிய கிளைக்குப் போய் அனுப்பினேன்.

மூன்று மாதம் கழித்துத் தபாலில் கடிதம் வந்தது. இடையில் ஏதோ ஒரு வங்கி தன் கமிஷனைப் பிடித்துக்கொண்டதால் பன்னிரண்டு பவுண்டு குறைகிறது, அந்த வருஷம் கணக்கில் சேராது என்று இருந்தது. ஐம்பத்திரண்டு வாரத்தில் நான்கு வாரம் குறைந்தாலும் அந்த வருஷமே போச்சு. அந்தப் பன்னிரண்டு பவுண்டை அனுப்ப ஆன செலவு அதைவிடக் கூடுதல். போனில் கேட்கலாம் என்றால் அவர்கள் கோடையில்கூட நம் மதியம் பன்னிரண்டரைக்குத்தான் அங்கே காலை எட்டு மணி. ஆஸ்பத்திரியில் மத்தியான மருந்து கொடுக்கும் நேரம். போனைக் காதில் இடுக்கிக்கொண்டு மருந்தறையில் நின்றிருக்கிறேன். இதையெல்லாம் தாண்டித்தான் பத்து வருஷம் ஆயிற்று. 2025-26 கணக்குப்படி வாரம் சுமார் 66 பவுண்டு, அதுவும் 67 வயதில்.

அந்த 66-ம் இந்தியாவில் இருந்து வாங்கினால் முதல் நாள் எவ்வளவோ அதுவேதான் சாகும்வரை. என்னோடு ஒரே வார்டில் வேலை பார்த்த பிலிப்பைன்ஸ் தோழி ஊருக்குத் திரும்பினால் அவளுக்கு வருஷா வருஷம் உயரும். அவள் நாடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது, நம் நாடு போடவில்லை. ஒரே வார்டு, ஒரே ராத்திரி டியூட்டி.

இங்கேதான் உங்களிடம் கேட்க வருகிறேன். 2025 ஜூலை 24-ல் பிரிட்டனோடு தடையில்லா வணிக ஒப்பந்தம் கையெழுத்தானது. அதோடு சேர்த்து, கம்பெனிகள் தற்காலிகமாக அனுப்பும் ஊழியர்கள் இரண்டு நாட்டுக்கும் பங்களிப்பு கட்ட வேண்டாம், சொந்த நாட்டில் மட்டும் கட்டினால் போதும் என்றும் பேசி முடித்தீர்கள். நல்ல காரியம், எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் அந்தக் கம்பெனிகளில் இருக்கிறார்கள். ஆனால் அங்குள்ள ஆஸ்பத்திரியும் முதியோர் இல்லமும் நேரடியாக வேலைக்கு எடுத்த செவிலியரும் பராமரிப்பாளரும் அந்தச் சலுகைக்குள் வரமாட்டார்கள். அவர்களுக்காக அந்த மேசையில் யார் பேசினீர்கள்?

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. ஜெர்மனியோடு போட்ட சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2017 மே முதல் நடைமுறையில் இருக்கிறது. இரண்டு நாட்டு வருஷங்களையும் சேர்த்துத் தகுதி பார்க்கிறார்கள். இந்தப் பெண் போவதற்கு முன் கோயம்புத்தூரில் ஆறு வருஷம் பிஎஃப் பிடித்த வேலையில் இருந்தவள். இங்கே ஆறு, அங்கே நான்கு. கூட்டினால் பத்து. கூட்டத்தான் ஆள் இல்லை.

கேட்பதற்கும் எங்களுக்கு இடமில்லை. எல்லையில் இருப்பவர்கள் பாடு அப்படி. ஒரு அலுவலகத்தில் தமிழில் மனு கொடுத்தால் மலையாளத்தில் எழுதி வா என்கிறார்கள். வேலந்தாவளம் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் போய்க் கேட்டால் முகவரி கேரளமாக இருக்கிறதே என்கிறார்கள். பணம் அனுப்பும்போது மட்டும் நாங்கள் இந்தியர்கள், அந்நியச் செலாவணி. திரும்பி வந்து நின்றால் எந்தக் கவுண்டர் என்று தெரியவில்லை. ஏஜெண்டுக்கு நகையை அடகு வைத்துக் கொடுத்த கடன்கூட இன்னும் சில வீடுகளில் அடையவில்லை.

சரி, அதைத் தனியாக எழுதுகிறேன். கோபத்தில் சொல் கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனோடு முழுமையான சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் பேசுங்கள். அங்கே உழைத்த வருஷங்களையும் இங்கே உழைத்த வருஷங்களையும் சேர்த்துக் கணக்கிடச் செய்யுங்கள். ஓய்வூதியம் இந்தியாவிலும் வருஷா வருஷம் உயர வழி கேளுங்கள். அது கைகூடும்வரை, ஏற்கெனவே மூன்று வருஷத்துக்கு மேல் உழைத்துத் திரும்பியவர்கள் பழைய விதிப்படி கட்ட அனுமதிக்கும்படியாவது எழுதிக் கேளுங்கள். இந்த மடலின் ஆங்கிலப் பிரதியையும் மூன்று அமைச்சகங்களுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். தயவுசெய்து ஒரு பதில் எழுதுங்கள்.

அந்தப் பெண் மஞ்சப்பையை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள். “இனி இது எதுக்கு அக்கா, நீங்களே போட்டுடுங்க” என்றாள். போடவில்லை. பீரோவில் என் காகிதங்களோடு வைத்திருக்கிறேன்.

பணிவுடன்,
திரும்பி வந்த ஒரு செவிலியர்,
கொழிஞ்சாம்பாறை