பசியில்லை என்றால் ஏன் என்று கேட்போமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோர் உணவு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். உப்பைக் குறை, இனிப்பை நிறுத்து, எண்ணெயைத் தொடாதே என்று ஒரே தடைகளாக இருந்தன. சரி, அப்புறம் என்னத்தைத்தான் சாப்பிடுவது?

எண்பதை நெருங்குகிறவர்களில் பலர் அதிகம் சாப்பிட்டுக் கெடுவதில்லை, சாப்பிடாமல்தான் மெலிந்துபோகிறார்கள். காரணமில்லாமல் ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் எடையில் 5 சதவீதம் இறங்கினாலே மருத்துவரிடம் காட்ட வேண்டும். 60 கிலோ இருப்பவருக்கு அது வெறும் 3 கிலோ. சட்டை தொளதொளவென்று ஆனபிறகும் 'வயசாச்சு, அப்படித்தான்' என்று விட்டுவிடுகிறோம்.

'பசியில்லை' என்று சொல்வதற்குப் பின்னால் பெரும்பாலும் வேறொன்று இருக்கும். பல்செட் ஆடும், ஈறில் உரசும். சொல்லக் கூச்சப்பட்டு 'போதும்' என்று கையைக் கழுவிவிடுவார்கள். மனச்சோர்வுக்கும் ஒவ்வாமைக்கும் கொடுக்கிற சில மாத்திரைகள் வாயை உலர்த்திவிடும். எச்சில் இல்லாத வாய்க்கு ருசியும் தெரியாது, விழுங்கவும் வராது. இதோடு மோப்பமும் மங்குகிறது. நாம் ருசி என்று நினைப்பதில் பெரும்பங்கு மணம்தானே? அந்த நிலையில் உப்பையும் எடுத்துவிட்டு, பதிலுக்கு எதுவும் சேர்க்காமல் தட்டை நீட்டினால் யார்தான் சாப்பிடுவார்கள்? இஞ்சி, பூண்டு, மிளகு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு என்று வயிறு ஏற்கிற அளவில் மணத்தைக் கூட்டலாமே.

புரதம் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. தசை கரையாமலிருக்க, முதியவர்களுக்கு எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை நாள்தோறும் வேண்டும் என்பது நிபுணர்கள் பரிந்துரை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சாப்பிடும் அளவு குறையும்போது அந்தக் கொஞ்சத்திலேயே முட்டை, பருப்பு, தயிர் என்று ஏதாவது ஒன்று இருந்தாக வேண்டும்.

தட்டின் நிறம்கூட ஒரு விஷயம்தான். முற்றிய அல்சைமர் நோயாளிகளுக்கு வெள்ளைத் தட்டுக்குப் பதில் பளிச்சென்ற சிவப்புத் தட்டில் பரிமாறியபோது சுமார் 25 சதவீதம் கூடுதலாகச் சாப்பிட்டார்கள் என்று பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2004இல் சொன்னது. சிறிய ஆய்வுதான். ஆனால் பார்வை மங்கியவருக்கு வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சாப்பாடு எங்கே முடிகிறது என்று தெரியாது என்பது யோசித்தால் புரிகிறது.

இன்னொன்று, 'முதலில் அவருக்குப் போட்டு அனுப்பிவிடுவோம்' என்கிற பழக்கம். அது நம் வசதிக்கு. தனியாகச் சாப்பிடுகிறவர் குறைவாகத்தான் சாப்பிடுவார். என்ன வேண்டும் என்றுகூட அவரைக் கேட்பதில்லை.

அடுத்த இதழ்களில் ஒரு பல் மருத்துவரையும், விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்குச் சிகிச்சை தரும் ஒருவரையும் எழுதச் சொல்லுங்கள். தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் இருமல் வந்தால், சாப்பிட்டதும் குரல் கரகரத்தால் அதைப் பரிசோதிக்க வேண்டும் என்பது பல வீடுகளில் தெரியவே தெரியாது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்