எங்கள் பின்னல் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024-25

தலைவி அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராதவர்களுக்கும் வணக்கம். நான் வாசிக்கும் நான்காவது ஆண்டறிக்கை இது. ஒரு வருடம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் இந்த நோட்டை என் கையில் கொடுத்தீர்கள்.

மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை மதியம் கூடுவது நம் வழக்கம். பன்னிரண்டு கூட்டம் நடந்திருக்க வேண்டும், ஒன்பதுதான் நடந்தது. மே மாதத்தில் குன்னூரில் யார் வீட்டில்தான் சீசனுக்கு வந்த சொந்தக்காரர்கள் இல்லை? அது போகட்டும். நவம்பரில் மழை. டிசம்பர் கூட்டம் ஏன் நடக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. நான் சாவியோடு நாலரை மணி வரை உட்கார்ந்திருந்தேன். பட்டியலில் 34 பேர் இருக்கிறோம். எந்தக் கூட்டத்திலும் 15 பேரைத் தாண்டவில்லை.

ஜூனில் கைக்குழந்தை ஸ்வெட்டர் வகுப்பு நடந்தது. ஆயுத பூஜைக்கு ஊசிகளுக்கும் தையல் மெஷினுக்கும் பொட்டு வைத்துச் சுண்டல் கொடுத்தோம்.

வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் பின்னியதில் என் நோட்டில் ஏறியவை 22 ஸ்வெட்டர், 9 மஃப்ளர். குல்லாய்களை நான் எண்ணுவதில்லை. இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் உறுப்பினர் ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் பேரனுக்குச் சுத்தக் கம்பளி நூலில் இரண்டு மாதம் பின்னி அனுப்பினார். அங்கே அதை வெந்நீரில் மெஷினில் போட்டுவிட்டார்கள். ஸ்வெட்டர் இப்போது பொம்மைக்குச் சரியாக இருக்கிறதாம். மருமகளைக் குறை சொல்லிப் பயனில்லை. அக்ரிலிக் நூல் அப்படிச் சுருங்காது, கம்பளி சுருங்கும். பின்னியவருக்குத் தெரிந்தது போட்டுக்கொள்பவருக்குத் தெரியாது. இனிமேல் எதைக் கொடுத்தாலும், பச்சைத் தண்ணீரில் கையால் அலசவும், பிழிய வேண்டாம், நிழலில் விரித்துப் போடவும் என்று ஒரு அட்டையில் எழுதிக் கட்டிவிடுங்கள். அப்புறம், நூல் வாங்கும்போது எல்லாப் பந்திலும் சாய எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து மொத்தமாக வாங்குங்கள். ஒரு கை மட்டும் வேறு பச்சையில் வந்த ஸ்வெட்டர் யாருடையது என்று நான் சொல்லப்போவதில்லை.

இனி போர்வை விஷயம்.

நம்மில் பாதிப் பேருக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்த மூத்த உறுப்பினருக்கு இந்த ஆண்டு எண்பது வயது. நழுவிப்போன கண்ணியைக் குரோஷா ஊசியால் ஏணிப்படி மாதிரி ஏற்றுவதை எனக்குக் காட்டியவர் அவர்தான். முட்டிவலி தாங்காமல் ஜனவரியில் கோயம்புத்தூருக்கு மகன் வீட்டோடு போவதாக இருந்தார். அந்த ஊருக்குக் கம்பளி எதற்கு? ஆளுக்கு ஒரு சதுரம், அவரவர் பழைய பருத்திப் புடவையில் வெட்டி, ஒட்டுப்போட்டு ஒரு போர்வை தைப்போம் என்று நான் சொன்னேன். எல்லோரும் கை தட்டினீர்கள்.

குறுக்கே ஐந்து, நீளத்தில் ஆறு, ஆக 30 சதுரம். பக்கத்துக்குக் கால் அங்குலம் தையலுக்குப் போகும், அதனால் பன்னிரண்டரை அங்குலமாக வெட்டுங்கள் என்று சொன்னேன், எழுதியும் ஒட்டினேன். கெடு ஆகஸ்ட் 15. வந்தது 19. அதில் ஏழு சரியாகப் பன்னிரண்டு அங்குலம். அரை அங்குலம்தானே அக்கா என்றார்கள். நீளத்தில் ஆறு சதுரம், ஆறு அரை சேர்ந்தால் மூன்று அங்குலம். கடைசியில் எல்லாவற்றையும் பன்னிரண்டுக்கே நறுக்கி, சுற்றிலும் ஒரு பட்டி வைத்து அளவைச் சரிக்கட்டினேன். வராத 11 சதுரமும் என் புடவைகள்தான். இப்போது அந்தப் போர்வையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நான் இருக்கிறேன். அதற்கு நான் ஆசைப்படவில்லை.

அடியில் காடாத்துணி, நடுவில் பஞ்சு விரிப்புக்குப் பதிலாக ஒரு பழைய மெல்லிய பருத்திப் போர்வை. காடா சுருங்கும் என்று இரண்டு முறை நனைத்துக் காயவைத்தேன். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ஓட்டத் தையல் போட்டால்தான் துணி மடிப்பு விழாமல் படியும். டிசம்பர் குளிரில் விரல் மரத்துப்போக இரவு பதினொன்று வரை தைத்தேன். என் வீட்டுக்காரர் மட்டும் ஊசியில் நூல் கோர்த்துத் தந்தார்.

தைத்து முடித்து ஒருமுறை அலசியபோதுதான் அது நடந்தது. யாரோ புதுச் சிவப்புச் சுங்குடியைக் கல்லுப்புத் தண்ணீரில் ஒருமுறைகூட ஊறவைக்காமல் வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பழைய புடவை என்றுதானே கேட்டேன்? பக்கத்திலிருந்த வெள்ளை வாயில் புடவைச் சதுரத்தில் சாயம் இறங்கி, உள்ளங்கை அகலத்துக்கு ரோஸ் நிறம். எத்தனையோ அலசிப் பார்த்தேன், போகவில்லை. பெயர் எழுத மாட்டேன். அவருக்கே தெரியும்.

ஜனவரியில் ஆறு பேர் போய்க் கொடுத்தோம். பாட்டியம்மா போர்வையைப் பிரித்து, திருப்பி, பின்பக்கத் தையலைத்தான் முதலில் பார்த்தார். விரலால் ஒரு வரிசையைத் தடவிக்கொண்டே போனார். பிறகு முன்பக்கம் திருப்பி, அந்த ரோஸ் இடத்தில் கை வைத்து, "இது யாரோட சுங்குடி?" என்று கேட்டார். நாங்கள் ஆறு பேரும் காபியைக் குடித்தோம்.

வரவு செலவு பெரும்பாலும் சமமாகவே இருக்கிறது. நூல், டீ, விளக்குக்கட்டணம் போகச் சிறு தொகை கையில் உண்டு. விவரம் பொருளாளரின் நோட்டில். சந்தா மாதம் 50 ரூபாய். 13 பேர் முழு ஆண்டுக்கும் பாக்கி. ஜிபே செய்கிறேன் என்று சொன்னவர்களின் போன்கள் இன்னும் சார்ஜ் ஏறவில்லை போலும். இரவல் போன 10ஆம் நம்பர் ஊசி நாலு ஜோடியும் 12ஆம் நம்பர் இரண்டு ஜோடியும் திரும்பவில்லை. குழந்தை ஸ்வெட்டருக்கு ரிப், அதாவது இழுபடும் ஓரப் பட்டி, போட அந்த 12 இல்லாமல் அடுத்த வகுப்பு நடத்த முடியாது.

இடம் தந்தவர்களுக்கும், தலைவிக்கும், போண்டா செய்தவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு சென்னையில் இருக்கும் பேரக்குழந்தைகளுக்காகப் பருத்தி நூலில் குரோஷா கற்றுக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை. நடத்துவது யார் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். எனக்குக் கண்ணாடி பவர் கூடியிருக்கிறது. வேறு யாரும் முன்வராவிட்டால் பார்க்கலாம். 12ஆம் நம்பர் ஊசிகள் முதலில் வரட்டும். சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் பொருளாளர் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார். சில்லறையும் வைத்திருக்கிறார்.