தடைக்காலத்தில் புரொப்பல்லருக்கு ஒரு பை கட்டுங்கள்: காசிமேடு விசைப்படகு உரிமையாளர்களுக்குத் திறந்த மடல்

காசிமேடு விசைப்படகு உரிமையாளர்களுக்கும் சங்க நிர்வாகிகளுக்கும் வணக்கம். சாஃப்ட் (இன்ஜினிலிருந்து போய்ப் புரொப்பல்லரைச் சுற்றும் தண்டு), புரொப்பல்லர் வேலை பார்ப்பவன் எழுதுகிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, இன்ஜின் பிரிப்பது எல்லாவற்றையும் இந்த நேரத்தில்தான் வைத்துக்கொள்கிறோம். எல்லாரும் ஒரே சமயத்தில் போட்டை மேலே ஏற்ற நினைப்பதால் இடத்துக்கு அடிதடி. முதலில் இடம் கிடைத்தவர் சீக்கிரமே வேலையை முடித்துத் தண்ணீரில் இறக்கிவிடுகிறார். அப்புறம் தடை முடிகிற வரைக்கும் அந்தப் போட் கட்டின இடத்தில் சும்மா கிடக்கிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

அடிப்பலகைக்கு நல்ல பெயின்ட் அடித்திருப்பீர்கள். புரொப்பல்லரும் சாஃப்டும் வெறும் உலோகமாகத் தொங்கும். கோடைச் சூட்டில், அலையில்லாத ஹார்பர் தண்ணீரில், சில நாளிலேயே அதன் மேல் வழவழப்பாக ஒரு படலம் வந்துவிடும். பிறகு கொட்டலசு (பார்னக்கிள்) என்கிற ஓட்டு உயிரியின் குஞ்சுகள் வரும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவில் மிதந்து வந்து, இடம் தேடி, பசை விட்டு ஒட்டி, மேலே சுண்ணாம்பு ஓடு கட்டிக்கொள்ளும். ஏற்கெனவே கொட்டலசு இருந்த இடத்தைத்தான் புதுக் குஞ்சுகளும் விரும்பி வரும். சுரண்டும்போது வட்டமாக ஒட்டியிருக்கும் அடித்தட்டை விட்டுவிடாதீர்கள் என்று சொல்வது அதனால்தான்.

தடை முடிந்து கிளம்பினால் ஆர்.பி.எம். ஏறாது, கறும்புகை வரும், டீசல் கரையும். உடனே இன்ஜினுக்கு டீசல் பீய்ச்சும் நாசிலைக் கழற்றச் சொல்கிறார்கள், டீசல் பம்ப்பைச் சந்தேகப்படுகிறார்கள். கோளாறு கீழே தண்ணீருக்குள் இருக்கும்போது மேலே எதைக் கழற்றி என்ன பயன்? சாஃப்டில் ஒட்டுவது இன்னும் மோசம். சாஃப்டைத் தாங்கும் ரப்பர் புஷ்ஷுக்குத் தண்ணீர் போகிற வழியை அடைத்தால் புஷ் சூடாகித் தேயும். ஸ்டெயின்லெஸ் சாஃப்ட் என்றால் கொட்டலசுக்கு அடியில் காற்றுப் படாமல் குழிகுழியாக அரிக்கும். ‘ஸ்டெயின்லெஸ்தானே, துரு பிடிக்காது’ என்கிற நம்பிக்கை கடலில் செல்லாது.

இதற்கு நம் ஆட்கள் செய்கிற வைத்தியம் சிலவற்றைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மிச்சமிருக்கும் அடிப்பெயின்டைப் புரொப்பல்லருக்கும் ஒரு கை பூசுவது வீண். பளபளப்பான வெண்கலத்தில் அது பிடிக்காது, சுற்றுகிற வேகத்தில் இறக்கை நுனியிலிருந்து உரிந்துவிடும். உளியால் கொத்துவது விளிம்பைக் கெடுக்கும். விளிம்பு கெட்டால் சாஃப்ட் அதிரும். ஆசிட் ஊற்றினால் ஓடு கரையும், சரி. ஆனால் ஸ்டெயின்லெஸ்ஸை ஆசிட்டும் அரிக்கும், புகை நெஞ்சுக்குள் போகும்.

இன்னொரு பேச்சும் நம்மிடம் ஓடுகிறது: ‘ஜிங்க் (அரிப்பைத் தடுக்கக் கட்டும் துத்தநாகக் கட்டி) கட்டினால்தான் கொட்டலசு அதிகம் பிடிக்கிறது, கழற்றிப் போடு.’ இதில் பாதி உண்மை. வெண்கலத்திலிருந்து கசியும் செம்பு உயிரினங்களுக்கு ஆகாது. ஜிங்க் தான் கரைந்து வெண்கலத்தைக் காப்பாற்றுவதால் அந்தக் கசிவு நின்றுபோகும், கொட்டலசுக்கும் வசதியாகிவிடும். அதற்காக ஜிங்க்கைக் கழற்றினால் புரொப்பல்லரும் சாஃப்டுமே அரிபடும். கொட்டலசைச் சுரண்டிவிடலாம், அரித்துப்போன உலோகத்தை எங்கே போய்த் தேடுவது? ஜிங்க் இருக்கட்டும், அதன் மேல் பெயின்ட் மட்டும் படாமல் பாருங்கள்.

வழி என்ன என்றால், புரொப்பல்லருக்கென்றே சிலிக்கோன் பூச்சு இருக்கிறது. அது எதையும் கொல்வதில்லை, வழுக்கிவிடும், அவ்வளவுதான். ஒட்டினாலும் பிடி தளர்வாக இருக்கும், ஓட ஓட உதிரும். ஆனால் விலை அதிகம், உலோகத்தைச் சுத்தமாகத் தேய்த்துப் பதமாகப் பூச வேண்டும், வலைக்கயிறு ஒரு தடவை சுற்றினால் கீறிவிடும். நம் இழுவைப் போட்டுக்கு அது எத்தனை நாள் தாங்கும் என்பதை நாலைந்து போட்டில் பூசிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பள்ளிக்கரணையில் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, காரைக்குடியில் உலோக அரிமானத்தையும் ஆராயும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கிறது. சங்கம் ஒரு கடிதம் எழுதிக் கேட்டால் குறைந்தா போய்விடும்?

அதுவரை செலவில்லாத வழி ஒன்று உண்டு. போட்டை இறக்கியதுமே புரொப்பல்லரையும் வெளியே தெரியும் சாஃப்டையும் தடித்த கறுப்புப் பிளாஸ்டிக் பையால் மூடி இறுக்கிக் கட்டிவிடுங்கள். வெளிச்சம் போகாது, புதுத் தண்ணீர் ஓடாது, குஞ்சுகள் வந்து சேராது. கட்டாமல் விட்டவர்கள் ஜூன் முதல் வாரத்திலேயே ஆள் இறக்கி மரச் சுரண்டியால் சுத்தம் செய்துகொள்ளுங்கள், கடைசி இரவு எல்லாரும் ஒரே ஆளைத் தேட வேண்டாம். ஆள் தண்ணீருக்குள் இருக்கிறவரை இன்ஜின் சாவி அவர் கூட்டாளி கையில்தான் இருக்க வேண்டும். இதில் டிரைவர் அண்ணன்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

ஃபைபர் படகுக்காரர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. மணலில் இழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

சங்க நிர்வாகிகளிடம் ஒரு கோரிக்கை. அடுத்த தடைக்கு முன், மார்ச் மாதமே கூட்டம் போட்டு மேலே ஏற்றும் வரிசையை முடிவு செய்யுங்கள். முதலில் ஏற்றி முதலில் இறக்குகிற போட்டுகளுக்குப் பை கட்டுவதைக் கட்டாயமாக்குங்கள். பை கட்டிய போட்டில் ‘கீழே பை இருக்கிறது, ஸ்டார்ட் செய்யாதே’ என்று ஓர் அட்டை ஸ்டியரிங்கில் தொங்க வேண்டும். அவிழ்த்த பையைக் கடலில் விடாமல் கரைக்கு எடுத்து வர வேண்டும். கூட்டத்துக்குக் கூப்பிட்டால் ஒரு பழைய புரொப்பல்லரோடு வந்து கட்டும் விதத்தைக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
காசிமேட்டு சாஃப்ட் மெக்கானிக் ஒருவன்