கோல் கும்பஸ் மாதிரி செய்யப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கல்லூரிக் கண்காட்சிக்கு, கர்நாடகத்தின் விஜயபுரத்தில் (பழைய பெயர் பீஜப்பூர்) இருக்கும் கோல் கும்பஸ் சமாதியை 1:100 அளவில் செய்யப்போவதாக எழுதி, குறுக்குவெட்டுப் படத்தையும் அனுப்பியிருந்தாய். நாலு சுவர், அதன்மேல் அரைக்கோளமாக ஒரு குவிமாடம். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. ஆனால் நிஜத்தில் அப்படிக் கட்டியிருந்தால் சாரம் பிரித்த அன்றே மாடம் தரைக்கு வந்திருக்கும். சதுர அறையின் நாலு மூலையிலும் உன் மாடத்துக்குக் கீழே தாங்குவதற்கு ஒன்றுமே இல்லை. சுவருக்கும் மாடத்துக்கும் நடுவே எட்டு வளைவுகள் இருக்கின்றன. அவற்றை நீ விட்டுவிட்டாய். மாடம் பெரியது என்பதை ஊரே சொல்லும். அதைத் தூக்கி நிறுத்தியிருக்கும் அந்த எட்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அதே வரைபடத்தை இணையத்தில் பலர் போட்டிருப்பதால் எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

முதலில் யாருடைய சமாதி, ஏன் இவ்வளவு பெரிது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பீஜப்பூரை ஆண்ட அடில் ஷாஹி வம்சத்தின் முகம்மது அடில் ஷா 1627இல் பட்டத்துக்கு வந்தார், 1656இல் இறந்தார். அவருடைய தந்தை இரண்டாம் இப்ராகிம் அடங்கியிருக்கும் இப்ராகிம் ரௌசா அதே ஊரின் மறுகோடியில் இருக்கிறது. கல்லில் பின்னல் வேலை செய்ததுபோன்ற சன்னல்கள், சுவர் முழுக்க எழுத்து. கட்டியவர் மாலிக் சந்தல் என்றும் செலவு ஒன்றரை லட்சத்துத் தொள்ளாயிரம் ஹொன் (அக்காலப் பொற்காசு) என்றும் அங்கேயே கல்வெட்டு சொல்கிறது. நுணுக்கத்தில் அதை மிஞ்ச வழியில்லை என்பதால் மகன் அளவில் இறங்கினார் என்று எழுதுபவர்கள் உண்டு. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் உனக்கும் அப்படித்தான் தோன்றும்.

பணத்துக்கு அப்போது குறைவில்லை. 1636இல் ஷாஜகானோடு உடன்படிக்கை ஆனபின் வடக்கே நெருக்கடி குறைந்தது. பீஜப்பூர்ப் படைகள் தெற்கே திரும்பின. 1648இன் கடைசியில் நம் செஞ்சிக்கோட்டை அவர்கள் கையில் விழுந்தது. பிறகு தஞ்சாவூரில் மராத்திய ஆட்சியைத் தொடங்கிய வெங்கோஜியும் பீஜப்பூர்ப் படைத்தலைவராக வந்தவர்தான். ஷாஜகான் ஆக்ராவில் தாஜ்மகாலைக் கட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இங்கே இது எழுந்தது. கட்டடக் கலைஞர் தாபுல் ஊரைச் சேர்ந்த யாகூத் என்று வழக்கமாகச் சொல்வார்கள். பெயர்ப் பலகையில் போடுவதானால் ‘எனப்படுகிறது’ என்று சேர்த்துப் போடு.

இனி அளவுகள். கூடம் உள்ளே 41.15 மீட்டர் சதுரம். சுவர் கிட்டத்தட்ட 3 மீட்டர் தடிப்பு. நடுவில் ஒரு தூண் கிடையாது. தளத்தின் பரப்பு ஏறக்குறைய 1,690 சதுர மீட்டர். ரோம் நகரத்துப் பழைய கோயிலான பாந்தியனைவிட (Pantheon) அதிகம். ஆனால் ‘உலகிலேயே இரண்டாவது பெரிய குவிமாடம்’ என்று எழுதிவிடாதே. இங்கே மாடத்தின் உள்விட்டம் 37.9 மீட்டர். பாந்தியன் 43.3, ரோமின் புனித பேதுரு ஆலயம் ஏறக்குறைய 41.5, ஃப்ளாரன்ஸ் பேராலயத்து எண்கோண மாடமும் கோல் கும்பஸைவிட அகலம். கோல் கும்பஸுக்கு 44 மீட்டர் என்று படித்திருப்பாய். அது மாடத்தின் தடிப்பையும் சேர்த்த வெளிவிட்டம். உயரத்திலும் இதே குழப்பம் உண்டு: கூடத்தின் தரையிலிருந்து மாடத்தின் உட்புற உச்சி 53 மீட்டர், வெளியே மொத்தம் 60 மீட்டர். எந்த மட்டத்திலிருந்து அளந்தது என்று சொல்லாத எண்ணைத் தொடாதே.

கட்டுமானத்துக்கு வருவோம். அஸ்திவாரம் நேரே பாறைமேல். தக்காணத்தில் மண்ணைக் கொஞ்சம் வழித்தால் கறுப்பு எரிமலைப் பாறை தட்டுப்படும். இத்தனை எடை கொண்ட கட்டடத்தின் ஒரு மூலை மட்டும் ஒரு அங்குலம் இறங்கினாலும் அந்த விரிசல் உச்சிவரை ஏறும். பாறையில் நிற்பதால் அந்த ஆபத்து இல்லை. சுவரும் அதே கறுப்புக் கல். மாடம் மட்டும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்.

தரையிலிருந்து 17 மீட்டர் வரை கூடம் சதுரமாகவே ஏறுகிறது. அங்கிருந்து உள்பக்கம் குவியத் தொடங்கி, 33 மீட்டர் உயரத்தில் 29.6 மீட்டர் விட்டமுள்ள வட்டத் திறப்பாக முடிகிறது. நீ விட்டுவிட்டது இந்த 16 மீட்டரைத்தான். காகிதத்தில் இப்படிப் போட்டுப் பார். 41.8 செ.மீ. விட்டத்தில் ஒரு வட்டம். அதில் சம இடைவெளியில் எட்டுப் புள்ளி. ஒன்றுவிட்டு ஒன்றாகச் சேர்த்தால் ஒன்றின்மேல் ஒன்று திருகி வைத்த இரண்டு சதுரங்கள் கிடைக்கும். இப்போது ஒவ்வொரு சுவரருகிலும் இரண்டு புள்ளி விழும்படி வட்டத்தைத் திருப்பு. மூலையில் ஒரு புள்ளிகூட விழக்கூடாது. சதுரங்களின் எட்டுப் பக்கங்களும்தான் எட்டு வளைவுகள். ஒவ்வொன்றும் ஒரு சுவரில் கால் ஊன்றி, மூலையை வெட்டிக்கொண்டு பக்கத்துச் சுவரில் போய் இறங்குகிறது. போகிற வழியில் மற்ற இரண்டு வளைவுகளைக் குறுக்கே வெட்டுகிறது. நடுவில் மிஞ்சுவது ஓர் எண்கோணம். அதன் உள்ளே வட்டம் போட்டால் சரியாக 29.6 செ.மீ. வரும்.

இப்போது இந்த வளைவுகளின் தலையில் மாடம் எங்கே உட்காருகிறது என்று பார். மாடத்தின் ஓடு, அதாவது அதன் வளைந்த கட்டு, மையத்திலிருந்து 19 மீட்டரில் தொடங்கி 22 மீட்டரில் முடிகிறது. சுவரின் உள்முகம் 20.6 மீட்டரில் இருக்கிறது. அதாவது சுவரின் நடுப்பகுதியில்கூட ஓட்டின் வெளிப்பாதிதான் சுவர்மேல்; உள்பாதி வளைவுகளின் மேல். மூலைகளிலோ முழு ஓடும் வளைவுகளின் மேல்தான்.

அரைக்கோளத்தின் எடை கீழே மட்டும் இறங்குவதில்லை, அடிப்பகுதியை வெளியே பிதுக்கவும் செய்யும். உச்சியிலிருந்து சுமார் 52 டிகிரி வரை ஓட்டில் எல்லாமே ஒன்றையொன்று நெருக்கும். அதற்குக் கீழே வளையம் வளையமாக இழுபடும். செங்கல்லும் காரையும் நெருக்கலைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. பழைய மாடங்களில் விரிசல் எப்போதும் அடியில் பிறந்து நெட்டுக்குத்தாக மேலே ஏறுவது இதனால்தான். பிதுங்குவதை அடக்க ஐரோப்பியர் பல இடங்களில் இரும்புச் சங்கிலி கட்டினார்கள், துருக்கியர் அரை மாடங்களை அண்டை கொடுத்தார்கள். பீஜப்பூர்க்காரர்கள் செய்தது வேறு. ஒன்றையொன்று பின்னிக்கொண்ட எட்டு வளைவுகளும் சேர்ந்து ஒரே கட்டியான வளையமாகிவிட்டன. அந்த வளையம் மாடத்தின் ஓட்டுக்கு உள்ளே இன்னும் 4 மீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் எடை உள்நோக்கிச் சாய்கிறது, மாடம் வெளிநோக்கித் தள்ளுகிறது. இரண்டும் ஒன்றையொன்று அடக்குகின்றன. அந்த 4 மீட்டர் நீட்டலின் மேல்தான் எல்லோரும் நின்று கிசுகிசுத்துப் பார்க்கிறார்கள். கிசுகிசுப்பதற்காக அதைக் கட்டவில்லை. மாடம் நிற்பதற்குத் தேவைப்பட்ட எடைக்குமேல் நடக்க இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

நாலு மூலையிலும் ஏழு அடுக்கு எண்கோணக் கோபுரங்கள் நிற்பதைப் பார்த்து, அவைதான் மாடத்தைத் தாங்குகின்றன என்று நினைக்காதே. உள்ளே படிக்கட்டு ஓடும் வெற்றுக் கோபுரங்கள் அவை.

மாடத்தைக் கட்டிய விதமும் தனி. செங்கல்லைக் கோளத்தின் மையம் நோக்கிச் சாய்த்து வைக்கவில்லை. மட்டமாகவே வரி வரியாக வைத்து, ஒவ்வொரு வரியையும் முந்தையதைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கிறார்கள். இடையில் தடித்த காரை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஊரின் கட்டடங்களை விரிவாக ஆராய்ந்த ஹென்றி கசின்ஸ், இதைச் செங்கல் கட்டு என்பதைவிடச் செங்கல் பொதித்த ஒரே காரைக் கட்டி என்று பார்ப்பதே சரி என்றார். உச்சிப் பகுதி தவிர மற்றதற்கு சென்டரிங் (கட்டும்போது அடியில் தாங்கும் தற்காலிகச் சட்டம்) தேவைப்பட்டிருக்காது என்பதும் அவர் கருத்து. யோசித்தால் புரியும்: முழு வளையமாக முடிந்த வரி, செங்கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொள்வதால் உள்ளே விழாது. உச்சியை நெருங்க நெருங்க ஒரு வரிக்கும் அடுத்ததற்கும் உள்ள தள்ளல் அதிகமாகி, செங்கல் அந்தரத்தில் நிற்க வேண்டிவரும். அங்கே மட்டும் முட்டுக் கொடுக்க வேண்டும். தடிப்பு அடியில் 3 மீட்டர், உச்சியில் 2.7 மீட்டர்.

எடையை நீயே போட்டுப் பார்க்கலாம். சராசரி ஆரம் 20.5 மீட்டர், தடிப்பு 3 மீட்டர் என்றால் ஓட்டின் கன அளவு கிட்டத்தட்ட 7,900 கன மீட்டர். கன மீட்டருக்கு 1.8 டன் வைத்தாலும் 14,000 டன் வருகிறது. இவ்வளவையும் அவசரமாக ஏற்ற முடியாது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவைக் குடித்துத்தான் இறுகும், 3 மீட்டர் தடிப்பின் நடுவில் அது மெதுவாகவே நடக்கும். கீழ்வரி இறுகுமுன் மேல்வரியை ஏற்றினால் காரை பிதுங்கி வட்டமே கோணும். ஆனால் இந்த மந்தத்தில் ஒரு நன்மையும் உண்டு: சின்னச் சின்ன அசைவுகளுக்குக் காரை வளைந்துகொடுக்கும். சிமென்ட் கொடுக்காது.

அப்படியும் விரிசல் விடாமல் இல்லை. மாடத்தின் வெளிப்பரப்பில் விரிசல்கள் பெரிதாகி, 1936-37இல் கம்பி வைத்துச் சிமென்ட் கலவையைப் பீச்சியடித்துப் பூசினார்கள். அன்றைக்கு அது தெரிந்த வழி. உன் மாதிரிக்கு நிறம் அடிக்கும்போது, இன்று வெளியே தெரிவது 1656இன் பூச்சல்ல என்பதை நினைவில் வை.

சமாதி முழுதாக முடியவே இல்லை. சுவர்ப் பூச்சிலும் அலங்காரத்திலும் அது தெரியும். தெற்கு வாசல்மேல் பாரசீகத்தில் மூன்று வாசகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் எழுத்துகளின் எண்மதிப்பைக் கூட்டினால் ஹிஜ்ரி 1067 வரும், சுல்தான் இறந்த ஆண்டு. கூடத்தின் நடுவே மேடையில் தெரியும் கல்லறைகள் அடையாளத்துக்கு. உண்மையான புதைகுழிகள் மேடைக்கு நேர் கீழே நிலவறையில். சுல்தானோடு அவருடைய மனைவியர், மகள், பேரன், அரசவை நடனக்காரி ரம்பா ஆகியோரும் அங்கே. ரம்பா மேலிருந்து குதித்தாள் என்று ஒரு கதை கேட்பாய். கல்லறை இருப்பது உண்மை. குதித்த கதையைப் பலகையில் எழுதாதே. அவளைச் சுல்தானுக்குப் பக்கத்திலேயே புதைத்திருக்கிறார்கள் என்பதே போதுமான செய்தி.

மாதிரிக்கு நேரே பயன்படும் கணக்குகள் இவை. ஃபோம் போர்டில் எட்டு வளைவுகளையும் ஒரே அச்சில் வெட்டு: நீளம் 29.6 செ.மீ., உயரம் 16 செ.மீ., கூர்முனை வளைவு. இரு முனையிலிருந்தும் 8.7 செ.மீ. தள்ளி, பலகையின் தடிப்புக்கு ஏற்ற பிளவு ஒன்று. நாலு பலகைக்குப் பிளவை மேலிருந்தும், மற்ற நாலுக்குக் கீழிருந்தும் அந்த இடத்து உயரத்தில் பாதிவரை போடு. முதல் நாலை ஒரு சதுரமாக நிறுத்தி, மற்ற நாலை மேலிருந்து சொருகினால் பசையே இல்லாமல் நிற்கும். கலந்து வெட்டிவிட்டால் கடைசிப் பலகை எந்தப் பக்கமும் நுழையாது; எண் போட்டுக்கொள். வளைவின் கால் சுவரை நேரே தொடாது, ஒன்றேகால் செ.மீ. முன்னால் நிற்கும், அந்த இடத்தில் சுவரோடு ஒட்டிய தூண் ஒன்று வை. மேலே 29.6 செ.மீ. திறப்புள்ள வட்டத் தட்டு, அதன்மேல் மாடம். மாடத்தின் அடியைச் சுற்றி வரும் தாமரை இதழ்களை மறக்காதே. மாடம் உட்காரும் இணைப்பை மறைப்பவை அவைதான். சுவர்த் தலைப்பின் வெளிக்கூரை 3.5 மீட்டர் நீண்டது, உன் படத்தில் பாதிகூட இல்லை. மாடத்தின் ஒரு கால்பாகத்தைக் கழற்றி எடுக்கும்படி வை. உள்ளே தெரியாவிட்டால் இந்தப் பாடு எதற்கு?

ஒட்டத் தொடங்குவதற்கு முன் ஒருமுறை நேரில் போய்விட்டு வா. காலையில் திறந்தவுடன் கோபுரப் படியேறு. பள்ளிக்கூடப் பேருந்துகள் வந்துவிட்டால் எல்லோரும் கத்துவதில் ஒன்றும் கேட்காது. ஒரு கைதட்டல் பத்துமுறை திரும்பும் என்பார்கள். எதிர்ச்சுவர் 38 மீட்டரில் இருக்கிறது, போய்வர 76 மீட்டர், ஒலிக்கு 0.22 நொடி. காது தனித்தனியாகப் பிரித்துக் கேட்க இந்த இடைவெளி தாராளம். வழவழவென்று பூசிய வளைபரப்பு ஒலியைச் சிதறவிடாமல் திரும்பத் திரும்பக் குவிப்பதால்தான் எண்ணிக்கை கூடுகிறது. சுவரில் வாயை ஒட்டி முணுமுணுத்தால், அது வளைவை ஒட்டியே ஓடி எதிர்ப்பக்கத்தில் காது வைத்தவருக்குக் கேட்கும்.

சுவரில் முதுகு சாய்த்து நின்று, ஒரே ஒரு தட்டு தட்டிக் கைபேசியில் பதிவுசெய். வீட்டுக்கு வந்து ஒலியலையைத் திரையில் விரித்து, அடுத்தடுத்த முகடுகளுக்கு இடையே எத்தனை நொடி என்று பார். 340ஆல் பெருக்கி இரண்டால் வகு. 38க்குப் பக்கத்தில் வராவிட்டால் தட்டும்போது கைப்பிடிச் சுவரோரம் வந்து நின்றிருப்பாய்.

அன்புடன்,
அண்ணன்