பஃபலோ மலைக் குகையிலிருந்து வந்த பிறகு

அன்புள்ள மகளுக்கு,

நானும் அம்மாவும் சுகம். போன ஞாயிறு நீ ஃபோனில் சொன்னது ஒரு கிழமையாக மனதுக்குள் கிடக்கிறது. "மூன்று வருடமாக நோர்வே மலையில் பிடித்த ஒரு காளான் நுளம்பின் வால்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன் அப்பா. புது இனம் என்று எழுதினாலும் யார் வாசிக்கப் போகிறார்கள்?" என்று கேட்டாய். உடனே எனக்குப் பதில் வரவில்லை. வியாழக்கிழமை மாமாவோடு இங்கே விக்டோரியாவிலுள்ள பஃபலோ மலைக்குப் போய் வந்த பிறகுதான் வந்தது. ஃபோனில் சொன்னால் நீ இடையில் மறித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

மெல்பேர்ணிலிருந்து கிட்டத்தட்ட நாலு மணி நேர ஓட்டம். பொரெபங்கா என்ற சின்ன ஊர் தாண்டியதும் ரோடு வளைந்து வளைந்து ஏறுகிறது. மேலே எங்கு பார்த்தாலும் கருங்கல். உச்சி 1,723 மீட்டர், குளிர்காலத்தில் பனி மூடிவிடும். வீட்டளவு பாறைகள் சரிந்து ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்க, அந்த இடுக்குகளுக்குக் கீழே ஓர் ஓடை ஓடுகிறது. அதைத்தான் குகை என்கிறார்கள். வழிகாட்டி முன்னே போக, நாங்கள் தலைவிளக்கோடு குனிந்தும் தவழ்ந்தும் போனோம்.

ஓரிடத்தில் விளக்கை அணைக்கச் சொன்னார். முதலில் ஒன்றுமே தெரியவில்லை, தண்ணீர்ச் சத்தம் மட்டும். பிறகு மேலே நீலமும் பச்சையும் கலந்த ஒரு புள்ளி. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கண் பழகப் பழகப் பாறையின் அடிப்பக்கம் முழுக்கப் புள்ளிகள். மாமா மூச்சு விடுவதுகூடக் கேட்கவில்லை.

பிறகு மங்கலான சிவப்பு வெளிச்சத்தில் ஒன்றைக் கிட்டப் பார்க்க விட்டார். தீக்குச்சி அளவுகூட இல்லாத, கண்ணாடி போன்ற புழு. பாறையோடு ஒட்டிய ஒரு பட்டு ஊஞ்சலில் நீட்டிப் படுத்திருந்தது. ஊஞ்சலிலிருந்து இழைகள் நேராகக் கீழே தொங்கின. ஒவ்வோர் இழையிலும் பசைத் துளிகள், மணி கோத்த மாதிரி, ஒழுங்கான இடைவெளியில். நாற்பது வருடம் மணிக்கூட்டுச் சுருள்கம்பியைச் சாமணத்தால் தூக்கியவன் நான். அவ்வளவு மெல்லிய வேலையை நான் எங்கும் கண்டதில்லை.

அது மின்மினி இல்லை என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. மின்மினி வண்டு வகை. இது நீ ஆராய்கிற காளான் நுளம்புகளின், அந்த நுளம்பு மாதிரிச் சின்ன ஈக்களின், சொந்தம். மற்றவற்றில் பெரும்பாலானவை காளானையும் உக்கின மரத்தையும் தின்ன, இது வெளிச்சம் காட்டிச் சின்னப் பூச்சிகளை இழையில் சிக்கவைத்துத் தின்கிறது. நம் சிறுநீரகம் செய்கிற வேலையைப் பூச்சியில் செய்யும் குழாய்களின் நுனிதான் அந்த விளக்காம். பசித்த புழு கூடுதலாக ஒளிரும் என்றார் வழிகாட்டி. மாதக்கணக்கில் புழுவாக இருந்து இரை தேடிவிட்டு, சிறகு முளைத்த பிறகு சில நாள்தான் உயிர். அந்த நாட்களில் சாப்பாடு இல்லை, தூரப் பறக்கத் தெம்பும் இல்லை. காற்றுப் பட்டால் புழு காய்ந்துவிடும். ஆகவே ஒரு ஈரக் குகையில் இருப்பது அடுத்த மலைக்குப் போக வழியே இல்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு இரவு இதைப் பற்றி வாசித்தேன். நியூசிலாந்தில் 1871இல் ஒரு தங்கச் சுரங்கத்தில் இப்படியான புழுவைக் கண்டபோது வண்டு வகை என்றுதான் நினைத்தார்களாம். 1886இல்தான் அது நுளம்பு போன்ற ஈயின் புழு என்று தெரிந்தது. 1891இல் சிட்னியிலிருந்த ஸ்கூஸ் என்ற பூச்சி ஆராய்ச்சியாளர் அதற்குப் பெயர் வைத்தார். 1924இல் எட்வர்ட்ஸ் என்ற இன்னோர் ஆராய்ச்சியாளர் அதைத் தனிப் பேரினமாக்கி அராக்னோகாம்பா என்றார், சிலந்திப் புழு என்று பொருள். அடுத்த வருடம் தஸ்மேனியாவில் இன்னோர் இனத்துக்குப் பெயர் வந்தது, 1966இல் அவுஸ்திரேலியப் பெருநிலத்தில் இன்னும் இரண்டுக்கு.

பஃபலோ மலைப் புழு இவ்வளவு காலமும் "குகையில் மின்னுகிற புழு", அவ்வளவுதான். 2010இல் கிளேர் பேக்கர் என்ற ஆராய்ச்சியாளர் ஐந்து புது இனங்களை ஒரே கட்டுரையில் விவரித்தார். அதில் ஒன்று இது: அராக்னோகாம்பா பஃபலோஎன்சிஸ். மரபணுவை ஒப்பிட்டபோது இதற்கு நெருங்கிய சொந்தம் அதே விக்டோரியாவின் மற்றக் காடுகளில் இல்லை, கடலுக்கு அப்பால் தஸ்மேனியாவில் இருந்தது. இதை வாசித்த இடத்தில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் அந்நியம், கடல் தாண்டி இருப்பவர் சகோதரம். எங்கள் குடும்பத்துக்கு இது புதிதா?

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். 2003இலும் 2006 கடைசியிலும் காட்டுத்தீ அந்த மலையில் ஏறியது. மேலே இருந்த ஒரு விடுதி எரிந்தே போனது. அந்தத் தீயில் ஓடை வற்றிப் புழுக்கள் செத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? "ஒரு குகையில் புழு போய்விட்டது, வேறு இடங்களில் இருக்கின்றன." பொய் என்றுகூட யாருக்கும் தெரிந்திருக்காது. வேறு இடம் இல்லை, பிள்ளை. உலகத்தில் அது இருக்கிற ஒரே இடம் அந்தக் குகை. அதை உறுதியாகச் சொல்ல, யாரோ ஒருத்தி ஒவ்வொரு மலையிலும் பிடித்ததை எடுத்து வந்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது அது இல்லை என்று காட்ட வேண்டியிருந்தது.

அந்த வேலையைத்தான் நீ செய்கிறாய். போன மாதம் வீடியோவில் காட்டினாயே, மதுசாரத்தில் ஊறிய நுளம்பின் வால்நுனியைப் பிரித்து, காரக் கரைசலில் சதையைக் கரைத்து, கிளிசரின் சொட்டில் வைத்து. ஆண் நுளம்பு பெண்ணைப் பிடிக்கிற பற்றுறுப்பில் ஒரு முள் கூடவா குறையவா என்று பார்த்தாய். வெளியே ஒரே முகப்பு உள்ள இரண்டு மணிக்கூடுகளைத் திறந்தால் உள்ளே வேறு வேறு இயந்திரம் இருக்கும். திறக்காதவனுக்கு இரண்டும் ஒன்றுதான். நீ திறந்து பார்த்திருக்கிறாய். அதை, அந்த நோர்வே மலையை ஒருநாளும் காணாத ஒருவனுக்கும் விளங்கும்படி எழுது. ஒரு நுளம்பின் உடலை, இந்தப் பெயருக்கு ஆதாரம் இதுதான் என்று குறித்து மியூசியத்தில் வைத்தால், சந்தேகப்படுகிறவன் நூறு வருடம் கழித்தும் வந்து பார்க்கலாம். வாசிக்கிறவர் பத்துப் பேர்தான் என்றால் பத்துப் பேருக்காக எழுது. அவர்களில் ஒருவர் எங்கோ ஒரு மலையில் அதே முள்ளைக் காண்பார்.

பெயர் என்ன வைப்பது என்று யோசிப்பதாகச் சொன்னாய். அந்த 'என்சிஸ்' என்ற முடிவுக்கு 'இந்த ஊரைச் சேர்ந்தது' என்று அர்த்தமாம். பேக்கரின் ஐந்தில் நாலு ஊர்ப் பெயர்தான். எனக்கு அது பிடித்தது. கோவூர் கிழார், மாங்குடி மருதனார் என்று புலவர்களையே ஊரை வைத்துத்தானே அறிகிறோம். நாங்களும் புது ஆளைக் கண்டால் முதலில் கேட்பது எந்த ஊர் என்றுதான். முடிவு உன்னுடையது. அப்பாவின் விருப்பத்தைச் சொன்னேன்.

அம்மா மிளகாய்த்தூள் பார்சல் கட்டுகிறா. அதற்குள் என் பழைய சாமணத்தையும் வைத்திருக்கிறேன், யாழ்ப்பாணத்துக் கடையில் பாவித்தது. நுனி நல்ல கூர், நுளம்புக்குப் பொருந்தும். வேலை முடிந்ததும் துடைத்து மூடியைப் போட்டு வை. நிலத்தில் மட்டும் விழ விடாதே, நுனி ஒருமுறை வளைந்தால் திருப்ப முடியாது.

அன்புடன்,
அப்பா